பென்ஹர்: 1925, 1959, 2016 – மூன்றில் எதைப் பார்ப்பது?

பழைய காவியப் படம் ஒன்றை மறுபடி எடுத்தால் பேச்சு இரண்டே வழியில்தான் போகும். ஒரு பக்கம், 'பழசுக்கு ஈடாகுமா?' இன்னொரு பக்கம், 'இன்றைய வசதி அன்றைக்கு ஏது?' பென்ஹரை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு பேச்சும் எடுபடாது. நம்மில் பெரும்பாலோர் 'ஒரிஜினல்' என்று நினைக்கிற சார்ல்டன் ஹெஸ்டன் படமே ஒரு ரீமேக். அதற்கு முன்பே இரண்டு முறை அந்தக் கதை படமாகிவிட்டது.

லூ வாலஸ் நாவலை எழுதியது 1880இல். 1899இல் அது நியூயார்க்கில் மேடையேறியது. உருளும் தளத்தின் மேல் நிஜக் குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயத்தைக் காட்டினார்கள். 1907இல் கேலம் நிறுவனம் யாரிடமும் உரிமை வாங்காமல் கால் மணி நேரப் படம் ஒன்றை எடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1911இல் கேலம் தோற்றது. ஒரு நாவலைப் படமாக்க உரிமை வாங்கியாக வேண்டும் என்பது அந்நாட்டில் உறுதியானது அந்தத் தீர்ப்பால்தான். பிறகு 1925இல் மௌனப் படம், 1959இல் ஹெஸ்டன் படம், 2010இல் ஜோசப் மார்கன் நடித்த தொலைக்காட்சித் தொடர், 2016இல் புதுப்படம்.

ஒரே கதை, மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம். ரீமேக்கால் மூலத்தை எட்ட முடியுமா என்று சோதிக்க இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது. ஓர் இரவு ஒதுக்கி ஒன்றை மட்டும் பார்க்க நினைக்கிறவருக்கும், குடும்பத்தோடு உட்காரப்போகிறவருக்கும், மூன்றையும் பார்த்துவிடத் துடிக்கிறவருக்கும் எது சரி என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

நட்பும் வஞ்சமும். எருசலேமின் யூத இளவரசன் ஜூடா பென்ஹர், ரோமானிய அதிகாரி மெஸ்ஸாலா. சிறுவயது நண்பர்கள். ஒருவன் மற்றவனைக் காட்டிக்கொடுக்கிறான். இந்த முறிவு வலித்தால்தான் பின்னால் வருகிற பழிவாங்கலுக்குப் பொருள்.

ரதப் பந்தயம். இதற்காகத்தான் பாதிப் பேர் படத்தைப் போடுகிறார்கள்.

கடற்போர். துடுப்பு அடிமையாகக் கிடக்கும் ஜூடாவின் தலையெழுத்து மாறும் இடம்.

இயேசுவைக் காட்டும் விதம். நாவலின் துணைத்தலைப்பே 'கிறிஸ்துவின் ஒரு கதை' என்று பொருள்படும். இதில் சறுக்கினால் கடைசி அரை மணி நேரம் ஒட்டாது.

வெளியே தெரியாத செலவு. நேரம், பிரதியின் தரம், டிவியின் அளவு, வீட்டில் சிறுவர்கள் இருக்கிறார்களா என்பது.

| | 1925 | 1959 | 2016 |
|---|---|---|---|
| இயக்கம் | ஃப்ரெட் நிப்லோ | வில்லியம் வைலர் | திமூர் பெக்மம்பெதோவ் |
| ஜூடா | ரமோன் நொவாரோ | சார்ல்டன் ஹெஸ்டன் | ஜாக் ஹஸ்டன் |
| மெஸ்ஸாலா | ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மன் | ஸ்டீஃபன் பாய்டு | டோபி கெபெல் |
| நீளம் | சுமார் 2 மணி 20 நிமிடம் | சுமார் 3 மணி 32 நிமிடம். முன்னிசை, இடைவேளை இசை சேர்த்தால் இன்னும் 10 நிமிடம் | சுமார் 2 மணி 3 நிமிடம் |
| தயாரிப்புச் செலவு | சுமார் 39 லட்சம் டாலர் | சுமார் 1.5 கோடி டாலர் | சுமார் 10 கோடி டாலர் |
| கடற்போர் | கடலில் முழு அளவுக் கப்பல்கள் | தொட்டியில் சிறு மாதிரிக் கப்பல்கள் | கப்பலின் அடித்தளத்துக்குள் இருந்து மட்டும் |
| இயேசு | கை மட்டும் | முகம் தெரியாது | முகமும் வசனமும் உண்டு |
| ஆஸ்கர் | அப்போது விருதே இல்லை | 11 | இல்லை |

## 1959: காத்திருப்பில் ஏறும் கனம்

மூன்றில் ஒன்றுதான் என்றால் இதுதான். காரணம் பந்தயத்தின் பிரம்மாண்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் கணக்கு வேறு. பந்தயத்துக்கு முன்னால் வைலர் செலவழிக்கிற இரண்டரை மணி நேரம்தான் இந்தப் படத்தின் பலம்.

தொடக்கத்தில் இரு நண்பர்களும் சந்திக்கும் காட்சியைக் கவனியுங்கள். மேலே உத்தரங்கள் குறுக்கே சேரும் இடத்தைக் குறிவைத்து ஆளுக்கொரு ஈட்டி எறிகிறார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போய்க் குத்தி நிற்கின்றன. சிறுவயதில் ஆடிய ஆட்டம் கைமறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கைதாகித் தப்பி ஓடிவரும் ஜூடா அதே மெஸ்ஸாலாவின் முன்னால் ஈட்டியோடு நிற்கிறான். தன்னைக் கொன்றால் தாயும் தங்கையும் சாவார்கள் என்கிறான் மெஸ்ஸாலா. ஈட்டி சுவரில் போய்க் குத்துகிறது. நட்புக்கு ஒரு ஈட்டி, பகைக்கு ஒரு ஈட்டி. இதை விளக்க ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

அடுத்தது திரும்பிவரும் காட்சி. கடற்போரில் தளபதி அரியஸைக் காப்பாற்றியதால் ஜூடா அவருக்கு வளர்ப்பு மகனாகிவிட்டான், சட்டப்படி ரோமானியன். மெஸ்ஸாலாவுக்கு ஒரு குறுவாள் பரிசாக வருகிறது, இளைய அரியஸிடமிருந்து. யார் அந்த இளைய அரியஸ் என்று நிமிர்ந்தால் எதிரே ஜூடா. அரியஸின் முத்திரை மோதிரத்தை மெழுகில் அழுத்திக் காட்டுகிறான். அடிமையாக அனுப்பியவனைத் தொட முடியாத உயரத்தில் பார்க்கும் மெஸ்ஸாலாவின் முகம் போதும்; பந்தயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிறகு, பந்தயத்தில் ஜூடா ஓட்டப்போகும் குதிரைகளின் சொந்தக்காரர், அரபு ஷேக் இல்டெரிமின் கூடாரம். நான்கு வெள்ளைக் குதிரைகளும் உள்ளே வருகின்றன: அன்டாரெஸ், ரிகெல், அல்டெபரான், அல்டேர். எல்லாம் விண்மீன் பெயர்கள். பெற்ற பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றையும் கொஞ்சி அறிமுகப்படுத்துகிறார் ஷேக். களத்தில் அவை ஓடும்போது நமக்குத் தெரிந்த நான்கு பேர் ஓடுவதுபோல் மனம் பதைப்பது இதனால்தான்.

பந்தயத்தைப் படமாக்கியது இரண்டாம் குழு: ஆண்ட்ரூ மார்ட்டனும் சண்டைக்காட்சி நிபுணர் யகிமா கனுட்டும். ரோமின் சினெசிட்டா ஸ்டூடியோவில் 18 ஏக்கர் களம் கட்டினார்கள். திரையில் சுமார் 9 நிமிடம் ஓடுவதற்குச் சுமார் ஐந்து வாரப் படப்பிடிப்பு. ஒன்பது ரதங்கள், ரதத்துக்கு நான்கு குதிரைகள். இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா அணிவகுப்புக்கு முழக்கமான இசை கொடுத்துவிட்டு, பந்தயம் தொடங்கியதும் விலகிக்கொள்கிறார். குளம்பொலி, சக்கரம், சாட்டை, கூட்டத்தின் இரைச்சல் தவிர வேறு ஒலி இல்லை. ஒரு சுற்று முடிந்தால் நடுமேடையில் ஒரு டால்பின் சிலை கவிழும். எத்தனை சுற்று பாக்கி, யார் முன்னால், யார் விழுந்தார்கள் என்பது எந்த நொடியிலும் நமக்குத் தெரியும்.

கவிழ்ந்து கிடக்கும் ரதத்தின் மேல் ஜூடாவின் ரதம் தாவும் இடத்தில் அவன் முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு, தொங்கி, மறுபடி ஏறுவான். அந்த வீச்சு எழுதி வைத்ததல்ல. ஹெஸ்டனுக்குப் பதிலாக ரதம் ஓட்டிய ஜோ கனுட், யகிமாவின் மகன், நிஜமாகவே தூக்கி எறியப்பட்டார். தாடையில் காயத்தோடு பிழைத்தார். ஹெஸ்டன் ஏறி வருகிற துண்டைப் பின்னால் எடுத்துச் சேர்த்தார்கள். இன்று பார்த்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் உடம்பு முன்னால் போகும்.

குறைகளும் உண்டு. கடற்போரின் வெளிக்காட்சிகள் ஸ்டூடியோ தொட்டியில் மிதக்கவிட்ட சிறு கப்பல்கள். தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியாது. அலையும் நுரையும் கப்பலுக்குப் பொருந்தாத பருமனில் தெரிவதால் பொம்மை என்று கண் உடனே கண்டுகொள்கிறது. அன்றைய அகல பிலிமின் துல்லியம் இந்தக் குட்டை இன்னும் அம்பலப்படுத்துகிறது. கப்பலுக்குள் நடப்பதோ வேறு கதை. முரசடிப்பவன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, துடுப்புப் போடும் அடிமைகள் ஒவ்வொருவராகச் சரிய, அரியஸ் கண் இமைக்காமல் ஜூடாவையே பார்க்கும் அந்தப் பயிற்சிக் காட்சிக்கு இணை மற்ற இரண்டிலும் இல்லை.

எஸ்தரோடு வரும் காதல் காட்சிகள் இழுக்கின்றன. அரபு ஷேக்காக வேல்ஸ் நடிகர் ஹியூ கிரிஃபித் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வருவது இன்று நெருடும். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது வேறு விஷயம். பந்தயம் முடிந்ததும் படம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது: தொழுநோயாளிகளின் பள்ளத்தாக்கு, சிலுவை. சாகக் கிடக்கும் மெஸ்ஸாலா, பந்தயம் இன்னும் முடியவில்லை என்று ஜூடாவிடம் சொல்வதே இந்தப் பகுதிக்கான வாசல்.

இது யாருக்கு: முதன்முறை பார்ப்பவருக்கு, 43 அங்குலத்துக்குக் குறையாத டிவி வைத்திருப்பவருக்கு, இரண்டு இரவு ஒதுக்க முடிந்தவருக்கு.

யாருக்கு வேண்டாம்: கைபேசியில் பார்ப்பவருக்கு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

## 1925: மதிப்பு குறைத்துச் சொல்லப்படும் படம்

எடுத்த கதையே ஒரு காவியம். இத்தாலியில் வேறு இயக்குநர், வேறு நாயகனோடு தொடங்கினார்கள். நடுவில் கோல்ட்வின் நிறுவனம் மெட்ரோவோடு இணைந்து எம்ஜிஎம் ஆனது. புது முதலாளிகள் இயக்குநரை மாற்றினார்கள், நாயகனை மாற்றினார்கள், கடைசியில் படப்பிடிப்பையே கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மௌனப் படக் காலத்தின் மிக அதிகச் செலவான படம் இது. கூட்டம் அலைமோதியும், நாடக உரிமை வைத்திருந்தவருக்கு வசூலில் பெரும்பங்கு தர வேண்டியிருந்ததால் முதல் வெளியீட்டில் எம்ஜிஎம்முக்கு நஷ்டம்.

பந்தயத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் புதுக் களம் கட்டி, 42 கேமராக்களை வைத்து எடுத்தார் ரீவ்ஸ் ஈசன். பன்னிரண்டு ரதங்கள், 48 குதிரைகள். மைதானத்தின் கீழ்ப்பகுதி மட்டுமே நிஜக் கட்டடம். மேல் அடுக்கு, கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்ட சிறு மாதிரி. அதில் அசையும் குட்டிப் பொம்மைகள்தான் கூட்டம். மாதிரியின் கீழ் விளிம்பும் நிஜக் கட்டடத்தின் மேல் விளிம்பும் ஒரே கோட்டில் வரும்படி கேமராவை நிறுத்திவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கோடு எது என்று தெரிந்துகொண்டு தேடினாலும் சுலபத்தில் பிடிபடாது. இந்த வேலையில் பங்கெடுத்த அர்னால்ட் கில்லெஸ்பி 1959 படத்திலும் இருந்தார். அதன் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கர் வாங்கினார். பந்தயக் களத்தில் உதவியாளர் கூட்டத்தில் ஓடியாடிய இளைஞர்களில் ஒருவர் வில்லியம் வைலர். முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து அதே பந்தயத்தை மறுபடி எடுக்கப் பொறுப்பேற்றவர். முன்னவர் எங்கே தடுமாறினார், எங்கே ஜெயித்தார் என்பதைக் களத்தில் நின்று பார்த்த ஒருவர் ரீமேக் செய்வது அபூர்வம்.

கடற்போரில் இந்தப் படம் 1959ஐத் தூக்கிச் சாப்பிடுகிறது. இத்தாலியின் லிவோர்னோ கடலில் முழு அளவுக் கப்பல்களைக் கட்டி, நிஜமாகத் தீ வைத்து எடுத்தார்கள். கப்பலில் இருந்து குதிப்பவர்களின் முகத்தில் தெரியும் பீதியில் நடிப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது. நீச்சல் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தப் படத்தின் தீராத கறையும் இதுதான். பந்தயப் படப்பிடிப்பில் குதிரைகள் பல இறந்தன. இத்தாலியில் ரதம் ஓட்டிய ஒருவர் இறந்ததாக மெஸ்ஸாலாவாக நடித்த புஷ்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அந்தக் காட்சிகள் முன்போல் இருக்காது, இருக்கவும் கூடாது.

தொழுநோய் பீடித்த தாயும் தங்கையும், பழைய வீட்டு வாசலில் அசந்து தூங்கும் ஜூடாவைக் கண்டுகொள்ளும் காட்சியைத் தவறவிடாதீர்கள். எழுப்பவும் முடியாது, தொடவும் முடியாது. வசனம் பேச வழியில்லாத காலத்தில் எடுத்ததால் தாயின் கைகளே எல்லாவற்றையும் பேசுகின்றன.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது பிரதி. அமெரிக்காவில் இதன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றிய பிரதிகள் கிடக்கின்றன. படத்தின் சில பகுதிகள் அன்றைய இருவண்ண டெக்னிகலரில் எடுக்கப்பட்டவை. மட்டமான பிரதிகளில் அந்த வண்ணம் போய், முழுப்படமும் சாம்பலாக இருக்கும். வேகமும் தவறியிருந்தால் எல்லோரும் தத்தித் தத்தி ஓடுவார்கள். 1987இல் கார்ல் டேவிஸ் இசையமைத்து மீட்டெடுத்த பதிப்பையே தேடுங்கள். வண்ணப் பகுதி அதில் இருக்கிறது, ஓட்டமும் சரியாக இருக்கிறது. 1959 படத்தின் பழைய நான்கு டிவிடி தொகுப்போடும் அது வந்தது. வாங்குமுன் சோதிக்க ஒரு சுலப வழி: கிறிஸ்து பிறப்புக் காட்சி வண்ணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, வீட்டார். ரோம வெற்றி ஊர்வலத்தில் மேலாடையில்லாமல் பூத்தூவும் பெண்கள் வருகிறார்கள். ஹாலிவுட்டில் தணிக்கை விதி இறுகுவதற்கு முந்தைய காலம் அது. 'பழைய பக்திப் படம்தானே' என்று தாத்தா, பேரன் எல்லோரையும் உட்காரவைத்தால் அந்த ஒரு நிமிடம் சங்கடம். இடையில் வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் இருக்கும். படிக்க வராதவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தான் ஆக வேண்டும். அட்டைகள் நிதானமாக நிற்பதால் அது முடியாத காரியமல்ல.

இது யாருக்கு: சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்பதில் பித்துள்ளவருக்கு, 1959 படத்தை ஏற்கனவே பார்த்துவிட்டவருக்கு.

## 2016: எங்கே சறுக்கியது

பெக்மம்பெதோவின் படம் சுமார் 10 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 9.4 கோடி. விளம்பரச் செலவும் திரையரங்குப் பங்கும் போனால் பெரிய நஷ்டம். 'கிராபிக்ஸ் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. ரோமுக்கு அருகே களம் கட்டி, நிஜ ரதங்களையும் நிஜக் குதிரைகளையும்தான் ஓடவிட்டார்கள். கூட்டமும் கட்டடத்தின் மேல்பகுதியும் கணினி வேலை. 1925இல் தொங்கவிட்ட பொம்மைகள் செய்த வேலையை இங்கே கணினி செய்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் திரைக்கதையில். 3 மணி 32 நிமிடத்தை 2 மணி 3 நிமிடமாக்க எதையாவது வெட்ட வேண்டும். வெட்டியது அரியஸ் ஜூடாவை மகனாக்கிக்கொள்வதை. கடற்போர் முடிந்து கரையொதுங்கும் ஜூடாவை நேராக ஷேக் இல்டெரிம் கண்டெடுக்கிறார். ரோமானியனாகும் பகுதி போனது. அதோடு குறுவாளும் மோதிரமும் போயின. கடைசிவரை அவன் தப்பியோடிய அடிமைதான். மேலே ஏறிவந்தவன் மெஸ்ஸாலாவின் கண்ணுக்குள் பார்க்கும் அந்த நிமிடம் இல்லாததால், பந்தயம் இரண்டு வீரர்களின் போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, படம் தொடங்குவதே பந்தயக் களத்தில். அதைக் காட்டிவிட்டுப் பல ஆண்டு பின்னோக்கிப் போகிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டால் காத்திருப்பில் என்ன மிச்சம்?

பந்தயத்தில் சிறிய கேமராக்களை மண்ணோடு மண்ணாகவும் ரதத்திலும் வைத்திருக்கிறார்கள். குளம்பு முகத்தில் வந்து விழுவதுபோல் இருக்கும். ஆனால் வெட்டு மிக வேகம். எந்த ரதம் எங்கே என்பது அடிக்கடி தொலைந்துபோகிறது. ஆபத்து என்பது தூரத்தில் இருக்கிறது: இவன் சக்கரத்துக்கும் அவன் சக்கரத்துக்கும் இடையே எவ்வளவு என்று தெரிந்தால்தான் நெஞ்சு அடிக்கும்.

முடிவையும் மாற்றினார்கள். மெஸ்ஸாலா காலை இழந்து பிழைக்கிறான். இருவரும் மன்னித்துச் சேர்கிறார்கள். யோசனை மோசமில்லை. மன்னிப்பைப் பற்றிய கதையில் மன்னிக்கப்பட வேண்டியவன் உயிரோடு இருப்பது துணிச்சலான மாற்றம்தான். இதைச் செய்யவே அவர்களை வளர்ப்புச் சகோதரர்களாக மாற்றினார்கள். ஆனால் அந்தச் சமரசத்துக்குப் படம் ஒதுக்குவது சில நிமிடம். தாயையும் தங்கையையும் தொழுநோய் தின்ற பிறகு அவ்வளவு சீக்கிரம் யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தப் படம் முந்தைய இரண்டையும் வெல்லும் இடம் ஒன்று உண்டு. கடற்போர் முழுவதையும் கப்பலின் அடித்தளத்தில், சங்கிலியில் கிடக்கும் அடிமையின் கண்ணால் மட்டுமே காட்டுகிறார்கள். துடுப்புத் துளை வழியே கிடைக்கும் கீற்றுதான் வெளியுலகம். மேலே யார் ஜெயிக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு பக்கச்சுவரைப் பிளந்துகொண்டு எதிரிக் கப்பலின் மூக்கு உள்ளே வருகிறது. பொம்மைக் கப்பல் பிரச்சினையை 1959ஆல் தீர்க்க முடியவில்லை. இவர்கள் வெளியே பார்க்கவே மாட்டோம் என்று முடிவெடுத்து ஒரே அடியில் தீர்த்துவிட்டார்கள். படம் முழுக்க இந்தப் புத்தி இருந்திருந்தால் 1959க்குப் பக்கத்தில் நின்றிருக்கும்.

இது யாருக்கு: இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காராத பதின்வயதினருக்கு, கதையை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும் என்பவருக்கு. அமெரிக்காவில் இதற்கு 13 வயதுக்குக் கீழ் எச்சரிக்கைச் சான்றிதழ். சிறு பிள்ளைகளுக்கு 1959 படமே பாதுகாப்பு, மெஸ்ஸாலாவின் மரணக் காட்சியை மட்டும் தாண்டிவிட்டால்.

## இயேசுவின் முகம்

1899 மேடையில் இயேசு வெறும் ஒளிக்கற்றை. 1925இல் ஒரு கை. 1959இல் முதுகும் முடியும். நாசரேத்தில் தாகத்தில் விழும் ஜூடாவுக்கு அவர் தண்ணீர் கொடுக்கிறார். தடுக்க வரும் ரோமானிய வீரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி, தலையைத் திருப்பிக்கொள்கிறான். நாம் பார்க்காத முகத்தை அவன் பார்த்துவிட்டான் என்பதே போதுமானதாக இருக்கிறது. 2016இல் ரொட்ரிகோ சான்டோரோ முகம் காட்டிப் பேசுகிறார். நல்ல நடிகர், குறையாக நடிக்கவும் இல்லை. பேசிப் பழகும் மனிதராகக் காட்டுவது இன்றைய பார்வையாளருக்கு அவரை நெருக்கமாக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். காட்டியதும் அந்த வீரனின் தயக்கத்துக்கு இடமில்லாமல் போகிறது.

## பென்ஹருக்கு வெளியே

'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' இதே பாடத்தை வேறு வழியில் சொல்கிறது. செசில் டிமில் 1923இல் எடுத்த படத்தில் மோசேயின் கதை முதல் பகுதி மட்டுமே. மீதி அன்றைய அமெரிக்காவில் நடக்கும் குடும்பக் கதை. 1956இல் அவரே மறுபடி எடுத்தபோது அந்தக் குடும்பக் கதையைத் தூக்கி எறிந்து, 3 மணி 40 நிமிடத்தையும் மோசேக்கே கொடுத்தார். தன் படத்தின் குறையைத் தானே அறிந்து திருத்திய ரீமேக் அது; மூலத்தை மிஞ்சியது. 2014இல் ரிட்லி ஸ்காட் அதே வேத வரலாற்றை எடுத்தபோது கடல் இரண்டு சுவராகப் பிளக்கவில்லை, வடிந்து விலகியது. அற்புதத்துக்கு இயற்கை விளக்கம் தேடினார்கள். டிக்கெட் வாங்கியவர் எதைப் பார்க்க வந்தாரோ அதையே நீக்கிவிட்டு, மேலும் துல்லியமான எகிப்தைக் கொடுத்தார்கள்.

அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' 1954இல் 207 நிமிடம். அமெரிக்கர்கள் 1960இல் அதைக் கௌபாய் மண்ணுக்கு மாற்றி 128 நிமிடத்தில் முடித்தார்கள். மண்ணே மாறியதால் ஒப்பிடும் சுமை குறைந்தது, படம் தன் காலில் நின்றது. பென்ஹருக்கு அந்த வசதி கிடையாது. எருசலேமும் ரோமும் இல்லாமல் அந்தக் கதை இல்லை.

## பார்ப்பதற்கு முன்

1959 படத்தின் அகலம். 65 மி.மீ. பிலிமில் 2.76க்கு 1 என்ற விகிதத்தில் எடுத்தது. நம் டிவி 1.78க்கு 1. 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் சுமார் 68 செ.மீ. இந்தப் படம் அதில் சுமார் 44 செ.மீ. உயரத்தில்தான் தெரியும், மேலும் கீழும் 12 செ.மீ. கறுப்புப் பட்டை. சகிக்க முடியாமல் ரிமோட்டில் 'ஜூம்' அழுத்துகிறவர்கள் பலர். அழுத்தாதீர்கள். ஜூடாவின் நான்கு வெள்ளைக் குதிரையும் மெஸ்ஸாலாவின் நான்கு கறுப்புக் குதிரையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது எட்டும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும். ஜூம் செய்தால் ஓரத்துக் குதிரைகள் போய்விடும். சக்கரமும் சக்கரமும் உரசுவது மட்டும் மிஞ்சும், யார் யாரை நெருக்குகிறார்கள் என்பது தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டால் பட்டை கண்ணை உறுத்தாது. கைபேசியில் இதே படம் ஐந்தரை செ.மீ. உயரத்துக்குச் சுருங்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

தொடக்கத்தில் படம் நின்றுவிட்டதா? ஆதாமைப் படைக்கும் மைக்கேலாஞ்சலோ ஓவியத்தின் மேல் ஆறு நிமிடத்துக்கு மேல் இசை மட்டும் ஓடும். இணையத் தொடர்பில் கோளாறு இல்லை. அது முன்னிசை.

எங்கே நிறுத்துவது. இடைவேளை ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம் தாண்டி வரும். முதல் இரவு அங்கே நிறுத்துங்கள். இரண்டாம் இரவு, ஷேக் பந்தயம் கட்டப் போகும் காட்சியில் தொடங்கும். சூடு பிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. மூன்று இரவாக உடைத்தால் நட்பு முறிந்த வலி பந்தயம்வரை தங்காது.

டிவி அமைப்பு. அசைவை வழுவழுப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். பழைய படங்கள் நாடகத் தொடர்போலத் தெரிவதற்கு அதுவே காரணம். வட்டு வாங்குவதானால் 2011இல் வந்த ப்ளூ-ரே, 65 மி.மீ. பிலிமிலிருந்து புதிதாக வருடி எடுத்த பதிப்பு அது.

வரிசை. மூன்றையும் பார்ப்பதென்றால் 1959, 1925, 2016 என்று போங்கள். ஆண்டு வரிசையில் போனால் மௌனப் படத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 1959 தெரிந்தபின் 1925ஐப் பார்த்தால், வைலர் எந்தக் கோணத்தை அப்படியே எடுத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்று ஒவ்வொரு காட்சியிலும் கண் தேடும். 2016ஐக் கடைசியில் வைத்தால் அரியஸ் இல்லாத பள்ளம் உடனே தெரியும். கப்பலின் அடித்தளக் காட்சியின் புதுமையும் அப்போதுதான் முழுதாகப் பிடிபடும். நேரமே இல்லாதவர் மூன்றிலும் கடற்போரையும் பந்தயத்தையும் மட்டும் எடுத்து ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். கடற்போருக்கு 1925இல் தொடங்குங்கள், பந்தயத்தை 1959இல் முடியுங்கள்.